பழைய விண்டோஸ் 7 கணினி காலையில் எழுந்திருக்க மறுக்கிறதா? பார்மட் போடுவதற்கு முன் இதைச் செய்து பாருங்கள்

கோத்தகிரியில் ஜெராக்ஸ், டைப்பிங் கடை வைத்திருக்கிறேன். கடையில் இருப்பது 2012-ல் வாங்கிய டெஸ்க்டாப். விண்டோஸ் 7, 2 ஜிபி ராம், 320 ஜிபி ஹார்ட் டிஸ்க். போன ஐப்பசி மழை பிடித்த சமயத்தில், சுவிட்சைப் போட்டு முதல் வரி டைப் அடிப்பதற்குள் ஒன்பது நிமிடம் ஓடிவிடும். ஒரு நாள் பக்கத்து ஹட்டியிலிருந்து (படுகர் ஊர்) வந்த பெரியவர், பட்டா மாறுதல் மனு அடிக்கக் காத்திருந்தார். "மெஷின் இன்னும் எந்திரிக்கலையாம்மா? ஒன்பதரை பஸ் போயிடும்" என்று இரண்டு முறை கேட்டார். மூன்றாவது முறை கேட்கவில்லை. குடையை எடுத்துக்கொண்டு மழையில் இறங்கிப் போய்விட்டார். அன்றைக்குத்தான் இதை நானே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

அதற்கு முந்தைய ஆண்டே சர்வீஸ் கடை ஒன்றில் கொடுத்திருந்தேன். பெட்டியைத் திறக்காமலே "பார்மட் போட்டால் சரியாகிவிடும்" என்றார்கள். அதாவது டிஸ்க்கை அழித்துவிட்டு விண்டோஸை மறுபடி நிறுவுவது. 800 ரூபாய், மூன்று நாள். நான்கு வருடமாகச் சேர்த்த மனு மாதிரிகள் இருந்த ஃபோல்டர் போய்விட்டது. மூன்று மாதத்தில் பழைய வேகத்துக்கே கணினி திரும்பியது. ஏன் தாமதம் என்று யாரும் பார்க்கவில்லை, அவ்வளவுதான். இந்த முறை இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் செலவழித்து ஒவ்வொன்றாகப் பார்த்தேன். செய்த வரிசையிலேயே எழுதுகிறேன். வரிசையை மாற்றாதீர்கள்.

1. முதலில் நேரத்தைக் குறியுங்கள்

'மெதுவாக இருக்கிறது' என்பதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. எங்கே மெதுவாக இருக்கிறது என்று தெரிய வேண்டும். செல்போனில் ஸ்டாப்வாட்சை எடுத்து, கணினி ஆன் ஆவதை நான்கு பகுதியாகப் பிரித்துக் குறியுங்கள்.

(அ) பவர் பட்டனை அழுத்தியதிலிருந்து விண்டோஸ் லோகோ தெரியும் வரை.
(ஆ) லோகோவிலிருந்து 'வெல்கம்' திரை வரை.
(இ) வெல்கம் திரையிலிருந்து டெஸ்க்டாப் தெரியும் வரை.
(ஈ) டெஸ்க்டாப் வந்த பிறகு, பெட்டியில் சிமிட்டும் டிஸ்க் விளக்கு அடங்கி, ஒரு ஃபைல் உடனே திறக்கும் வரை.

என் கணினியில் வந்தது: 40 விநாடி, 2 நிமிடம் 10 விநாடி, 50 விநாடி, 5 நிமிடம் 20 விநாடி. பெரிய தாமதம் கடைசிப் பகுதியில் என்பது எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. அதுவரை ஹார்ட் டிஸ்க் மட்டும்தான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

காலையில் முதல் முறை போடும்போது குறியுங்கள். ரீஸ்டார்ட் செய்து எடுத்த நேரம் உதவாது. மூன்று நாள் குறித்தால் போதும்.

விண்டோஸ் 7 தானும் இந்தக் கணக்கை வைத்திருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் 'ஈவன்ட் வியூவர்' என்று தேடித் திறந்து, அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், டயக்னாஸ்டிக்ஸ் பெர்ஃபார்மன்ஸ், ஆபரேஷனல் என்று உள்ளே போங்கள். ஈவன்ட் எண் 100 என்பது விண்டோஸ் எழுந்திருக்க எடுத்த மொத்த நேரம். மில்லிசெகண்டில் இருக்கும், 1000-ஆல் வகுத்தால் விநாடி. 101 என்று வந்தால் தாமதப்படுத்திய மென்பொருள், 102 டிரைவர் (பிரிண்டர் போன்ற கருவிகளை இயக்கும் மென்பொருள்), 103 சர்வீஸ் (திரையில் தெரியாமல் பின்னணியில் ஓடுவது). பெயரோடு வரும். அந்தப் பெயர்களை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள், படி 6-ல் தேவைப்படும்.

2. கையில் எடுத்து வைக்க வேண்டியவை

எதையும் தொடுவதற்கு முன் இவை தயாராக இருக்கட்டும்.

விண்டோஸ் ஸ்டிக்கர். கேபினட்டின் பக்கவாட்டிலோ, லேப்டாப்பின் அடியிலோ 25 எழுத்து, எண் கொண்ட சாவி ஒட்டியிருக்கும். நம் ஊர் ஈரத்தில் அது சீக்கிரம் மங்கிவிடுகிறது. இன்றைக்கே போட்டோ எடுத்து வையுங்கள்.

கணினி வாங்கிய பில். மதர்போர்டு மாடல் அதில்தான் இருக்கும். ராம் வாங்கும்போது கடைக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

பிரிண்டர், ஸ்கேனர் டிரைவர் சிடிக்கள். கைரேகைக் கருவி, டிஜிட்டல் கையெழுத்து டோக்கன் வைத்திருந்தால் அவற்றின் டிரைவர்களும்.

அப்புறம், கோப்புகளின் நகல். எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுங்கள். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் இரண்டோடு நிற்காதீர்கள். பலர் மறப்பது கணக்கு மென்பொருளின் டேட்டா ஃபோல்டர், பிரவுசரின் புக்மார்க், விண்டோஸ் ஃபோல்டருக்குள் இருக்கும் தமிழ் எழுத்துருக்கள். எழுத்துரு போனால் பழைய அழைப்பிதழ் ஃபைல் எதுவும் திறந்தாலும் படிக்க முடியாது. எனக்கு 90 ஜிபி இருந்தது, ஒரு ராத்திரி முழுக்க ஓடியது.

3. லோகோவுக்கு முன்பே நின்றால்

இந்தப் பகுதியில் விண்டோஸுக்கு வேலையே இல்லை. கறுப்புத் திரையில் நின்றால் மூன்று விஷயம் பாருங்கள்.

பின்னால் குத்தியிருக்கும் பென் டிரைவ், கார்டு ரீடர் எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டுப் பாருங்கள். கணினி அவை ஒவ்வொன்றிலும் விண்டோஸ் இருக்கிறதா என்று தேடிக்கொண்டிருக்கும். பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும், மதர்போர்டின் அமைப்புத் திரை) பூட் வரிசையில், அதாவது கணினி எதிலிருந்து எழுவது என்ற வரிசையில், ஹார்ட் டிஸ்க் முதலில் இருக்க வேண்டும்.

அடுத்தது மதர்போர்டில் இருக்கும் காசு போன்ற பேட்டரி. எண் சிஆர் 2032, 3 வோல்ட். தேதி தானாகப் பின்னுக்குப் போவது, 'எஃப்1 அழுத்தவும்' என்று திரை நிற்பது, இணையதளங்கள் எல்லாம் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று சொல்வது, மூன்றுமே பெரும்பாலும் இந்தப் பேட்டரி தீர்ந்த அறிகுறி. இடி மின்னலுக்குப் பயந்து நாம் ராத்திரி பிளக்கையே பிடுங்கிவிடுகிறோம். அப்போது கடிகாரம் முழுக்க அந்தப் பேட்டரியில்தான் ஓடும், அதனால் சீக்கிரம் தீரும். பிளக்கைப் பிடுங்குவதை நிறுத்த வேண்டாம், பேட்டரியை மாற்றிக்கொள்ளுங்கள். 40 ரூபாய், வாட்ச் கடையிலேயே கிடைக்கும்.

கவனம்: பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அமைப்புகள் பழையபடி ஆகிவிடும். சாட்டா மோடு என்று ஒரு வரி இருக்கும், மதர்போர்டு டிஸ்க்கோடு பேசும் முறை அது. ஐடிஇ, ஏஹெச்சிஐ இரண்டில் ஒன்று. முன்பு இருந்தது மாறிவிட்டால் விண்டோஸ் நீலத் திரை காட்டி நின்றுவிடும், நீங்கள் டிஸ்க் போய்விட்டது என்று பதறுவீர்கள். பேட்டரியைத் தொடுவதற்கு முன் பயாஸின் ஒவ்வொரு பக்கத்தையும் செல்போனில் படம் எடுங்கள். மாற்றியபின் அதைப் பார்த்து அப்படியே வையுங்கள்.

மூன்றாவது ராம். மஞ்சு (மூடுபனி) உள்ளே வரும் அறையில் வருடக்கணக்கில் இருக்கும் கணினியில் ராமின் பொன்னிற முனைகள் மங்கிப்போயிருக்கும். பிளக்கைப் பிடுங்கி, கேபினட்டின் இரும்பைத் தொட்டுவிட்டு, ராமைக் கழற்றி, பள்ளிப் பிள்ளைகளின் வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் துடைத்து, 'க்ளிக்' என்ற சத்தம் வரும்வரை அழுத்தி மாட்டுங்கள். மழைக்காலத்தில் கடை திறக்காத நாளிலும் அரை மணி நேரம் கணினியைப் போட்டு வைப்பது நல்லது. அந்தச் சூட்டில் உள் ஈரம் காயும்.

எனக்கு 40 விநாடி 12 ஆனது, பேட்டரியாலும் ஒரு பழைய கார்டு ரீடரைக் கழற்றியதாலும்.

4. ஹார்ட் டிஸ்க்கின் உடல்நிலை

லோகோ சுற்றிக்கொண்டே இருந்தால் சந்தேகம் டிஸ்க் மேல்தான். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கிறது, விண்டோஸ் 7-லும் ஓடும். நீலம் என்றால் நலம், மஞ்சள் என்றால் கவனம், சிவப்பு என்றால் மோசம். கீழே உள்ள பட்டியலில் 05, சி5, சி6 என்ற மூன்று வரிகளைப் பாருங்கள். 05 என்பது கெட்டுப்போனதால் டிஸ்க் ஒதுக்கி வைத்த இடங்கள். சி5 என்பது படிக்க முடியாமல் இழுத்துக்கொண்டிருக்கும் இடங்கள். சி6 என்பது சரிசெய்யவே முடியாமல் போன இடங்கள். என் டிஸ்க்கில் சி5 எட்டு என்று காட்டியது. அந்த எட்டு இடத்தையும் டிஸ்க் திரும்பத் திரும்பப் படிக்க முயல்கிறது, தாமதம் அங்கேதான். பார்மட் போட்டு வாங்கிய போதும் இதே டிஸ்க்தான், பின் எப்படி வேகம் நிற்கும்?

நம் மலையில் டிஸ்க் கெடுவதற்குப் பெரிய காரணம் கரன்ட். காற்றடித்து மரம் கம்பி மேல் சாய்ந்தால் சொல்லாமல் போகும், வந்ததும் மறுபடி போகும். அடுத்த முறை ஆன் செய்யும்போது 'செக்கிங் ஃபைல் சிஸ்டம்' என்று ஒரு திரை வரும். அதை அவசரத்தில் தள்ளிவிடாதீர்கள். ஓடவிட்டால் பெரும்பாலும் அடுத்த நாள் வராது.

முழுச் சோதனை செய்ய: கம்ப்யூட்டர், சி டிரைவில் ரைட் கிளிக், ப்ராப்பர்டீஸ், டூல்ஸ், 'செக் நவ்'. இரண்டு கட்டத்திலும் டிக் போட்டு ரீஸ்டார்ட் செய்யுங்கள். எனக்கு மூன்றரை மணி நேரம் ஆனது, உங்களுக்கு இன்னும் அதிகம் ஆகலாம். யுபிஎஸ் இல்லாமல் தொடங்க வேண்டாம். மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு என்றைக்கு என்று பேப்பரில் பார்த்துவிட்டு நாளைத் தேர்ந்தெடுங்கள்.

கவனம்: டிஸ்க்கில் 'டிக் டிக்' என்று சத்தம் வந்தால் இந்தச் சோதனையைச் செய்யவே கூடாது. சோதனையே அதை முடித்துவிடும். கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு நேரே படி 7-க்குப் போங்கள்.

5. வெல்கம் திரையில் 30 விநாடி

இதைப் படிக்கும் பாதிப் பேருக்கு இது ஒன்றே பயன்படும் என்று நினைக்கிறேன். படம் வைத்தால் கணினி மெதுவாகும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு, டெஸ்க்டாப்பில் படத்தை எடுத்துவிட்டு வெறும் நீல நிறம் வைத்திருந்தேன். விண்டோஸ் 7-ல் இது தெரிந்த பிழை. ஒரே நிறத்தைப் பின்னணியாக வைத்தால் வெல்கம் திரை 30 விநாடி வரை சும்மா நிற்கும். மைக்ரோசாஃப்ட் இதற்குத் திருத்தம் வெளியிட்டது, ஆனால் அப்டேட் போடாத கணினிகளில் பிழை அப்படியே இருக்கிறது. ஏதாவது ஒரு சிறிய படத்தைப் பின்னணியாக வைத்தால் சரியாகிவிடும். தம்பி எடுத்த தேயிலைத் தோட்டப் படம் ஒன்றை வைத்தேன். அடுத்த நாள் காலை 50 விநாடி 20 ஆகியிருந்தது. செலவு எதுவும் இல்லை.

6. டெஸ்க்டாப் வந்த பிறகு

ஸ்டார்ட் மெனுவில் எம், எஸ், சி, ஓ, என், எஃப், ஐ, ஜி என்ற எட்டு ஆங்கில எழுத்துகளை இடைவெளி இல்லாமல் அடித்து என்டர் தட்டுங்கள். வரும் பெட்டியில் 'ஸ்டார்ட்அப்' பக்கத்தைத் திறங்கள். அங்கே டிக் இருப்பவை எல்லாம் கணினியோடு சேர்ந்து எழுந்திருப்பவை.

என்னிடம் 23 இருந்தன. பிரிண்டர் மை அளவு காட்டுவது, பழைய செல்போன் இணைப்பு மென்பொருள், நான்கு அப்டேட்டர்கள், யாரோ நிறுவிய வீடியோ பிளேயர். படி 1-ல் தாளில் எழுதிய பெயர்கள் இங்கே இருக்கின்றனவா என்று முதலில் பாருங்கள். பெயர் தெரிந்த, தினமும் தேவைப்படாதவற்றின் டிக்கை எடுங்கள். எடுத்தால் மென்பொருள் அழியாது, தானாகத் தொடங்காது, அவ்வளவுதான். தமிழ் டைப் அடிக்கும் என்ஹெச்எம் ரைட்டர் போன்றவற்றையும், ஆன்டிவைரஸையும் விட்டுவிடுங்கள். பெயர் புரியாததை அன்றைக்குத் தொட வேண்டாம். ஒரு நாளைக்கு நான்கைந்து மட்டும் எடுத்து, மறுநாள் நேரம் குறியுங்கள்.

'சர்வீசஸ்' பக்கத்தில் முதலில் கீழே இருக்கும் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' கட்டத்தில் டிக் போட்டுவிட்டுத்தான் எதையும் தொட வேண்டும். ஆதார் கைரேகைக் கருவி வைத்திருப்பவர்கள் அதன் ஆர்டி சர்வீஸை நிறுத்திவிட்டு, மறுநாள் கருவி கெட்டுவிட்டது என்று அலையாதீர்கள்.

'பூட்' பக்கத்தில் 'நம்பர் ஆஃப் ப்ராசசர்ஸ்' என்பதில் டிக் போட்டால் வேகம் கூடும் என்று நிறைய வீடியோக்கள் சொல்கின்றன. கூடாது. விண்டோஸ் எப்போதுமே எல்லா ப்ராசசரையும் பயன்படுத்துகிறது. பக்கத்தில் இருக்கும் 'மேக்ஸிமம் மெமரி'யைத் தொட்டால் இருக்கும் ராமும் குறைந்துவிடலாம். 'சேஃப் பூட்' டிக்கைப் போட்டு மறந்தால் ஒவ்வொரு முறையும் சேஃப் மோடிலேயே வரும். அந்தப் பக்கமே போகாதீர்கள்.

ஆன்டிவைரஸ் இரண்டு இருந்தால் ஒன்றை முழுமையாக நீக்குங்கள். ஒவ்வொரு ஃபைலையும் இரண்டும் மாறி மாறிச் சோதித்துக்கொண்டிருக்கும். 'வேகப்படுத்தும்' இலவச மென்பொருள் எதையும் நிறுவாதீர்கள், அது ஸ்டார்ட்அப்பில் இன்னொன்றாகச் சேரும். ப்ரீஃபெட்ச் ஃபோல்டரைக் காலி செய்யச் சொல்வார்கள். அடுத்த முறை சீக்கிரம் எழுந்திருப்பதற்காக விண்டோஸ் எழுதி வைக்கும் குறிப்புகள் அவை. அழித்தால் இன்னும் மெதுவாகும்.

டைப்பிங் கடைக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: எழுத்துருக்கள். கல்யாணப் பத்திரிகைக்காக வாங்கிய சிடிக்களை எல்லாம் கொட்டி, ஆயிரத்துக்கு மேல் சேர்த்து வைத்திருந்தேன். பயன்படுத்தாதவற்றை வேறு ஃபோல்டருக்கு நகலெடுத்துவிட்டு நீக்கினேன். விண்டோஸோடு வந்த லதா, விஜயா இரண்டையும் நீக்க வேண்டாம்.

இதெல்லாம் முடிந்தபோது 5 நிமிடம் 20 விநாடி இரண்டரை நிமிடமாகக் குறைந்தது. ராம் 2 ஜிபி மட்டும் இருப்பவர்கள் இன்னொரு 2 ஜிபி சேருங்கள். கம்ப்யூட்டர் ப்ராப்பர்டீஸில் 'சிஸ்டம் டைப்' 32 பிட் என்று இருந்தால் 4 ஜிபிக்கு மேல் வாங்குவது வீண். டிடிஆர்3 பழைய ராம் கோயம்புத்தூரில் 350 ரூபாய்க்கு வாங்கினேன். லேப்டாப்காரர்கள் டிடிஆர்3-யா, டிடிஆர்3எல்-ஆ என்று பழைய ராமின் ஸ்டிக்கரைப் பார்த்துக்கொள்ளுங்கள். 1.35 வோல்ட் மட்டும் ஏற்கும் லேப்டாப்பில் 1.5 வோல்ட் ராம் வேலை செய்யாது.

7. எஸ்எஸ்டி மாற்றுவது

எஸ்எஸ்டி என்பது ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக மாட்டும், உள்ளே சுழலும் தட்டு இல்லாத, வேகமான டிஸ்க். காசு செலவழிக்க ஒரே ஒரு இடம்தான் உண்டு என்றால் அது இதுதான். 2.5 இன்ச் சாட்டா எஸ்எஸ்டி, 240 ஜிபி, 1,650 ரூபாய்க்கு வாங்கினேன். இப்போது விலை மாறியிருக்கலாம், போன் செய்து கேட்டுவிட்டுப் பஸ் ஏறுங்கள். ஆன்லைனில் 2 டிபி எஸ்எஸ்டி 900 ரூபாய் என்று வரும் விளம்பரங்களை நம்பாதீர்கள், போலி. உள்ளே சிறிய மெமரி கார்டு இருக்கும். எழுத எழுத உங்கள் கோப்புகள் காணாமல் போகும். பில்லில் சீரியல் எண் எழுதச் சொல்லி வாங்குங்கள், வாரன்டிக்கு அதுதான் ஆதாரம்.

பழைய டிஸ்க்கை அப்படியே நகலெடுக்கும் மென்பொருளை எஸ்எஸ்டி தயாரிப்பாளர்கள் சிலர் இலவசமாகத் தருகிறார்கள். விண்டோஸ் 7-ல் ஓடுமா என்று வாங்கும் முன்பே பாருங்கள். குளோன்சில்லா நல்ல மென்பொருள்தான், ஆனால் புதிய டிஸ்க் பழையதைவிடச் சிறிதாக இருந்தால் நேரடியாக ஏற்காது.

புதிய டிஸ்க்கை இணைத்ததும் எம்பிஆர், ஜிபிடி என்று (டிஸ்க்கைப் பகுதி பிரித்துக் குறித்து வைக்கும் இரண்டு முறைகள்) கேட்டால், பழைய பயாஸ் கணினிக்கு எம்பிஆர். எனக்கு முதல் முறை பாதியில் நின்றுவிட்டது. படி 4-ன் முழுச் சோதனை முடிந்தபின் இரண்டாவது முறை 2 மணி 10 நிமிடத்தில் முடிந்தது.

நகல் முடிந்ததும் கணினியை அணைத்து, பழைய டிஸ்க்கின் கேபிளைக் கழற்றிவிட்டு எஸ்எஸ்டியை மட்டும் வைத்து ஆன் செய்யுங்கள். இரண்டும் ஒரே அடையாள எண்ணோடு சேர்ந்து இருந்தால் விண்டோஸ் குழம்பும். அப்புறம் டிஃப்ராக் (சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்கும் வேலை) அட்டவணையில் எஸ்எஸ்டி இருந்தால் நீக்குங்கள். எஸ்எஸ்டிக்கு அது தேவையில்லை.

வேறொருவரை மாற்றித் தரச் சொன்னால் கூலி 300-லிருந்து 500 வரை கேட்பார்கள். ஜாப் ஷீட்டில் பழைய டிஸ்க்கின் சீரியல் எண்ணை எழுதச் சொல்லுங்கள், பழைய டிஸ்க்கைத் திரும்ப வாங்குங்கள். நம்மை நம்பிக் கொடுத்தவர்களின் ஆதார், ரேஷன் கார்டு ஸ்கேன்கள் அதில் இருக்கின்றன.

8. செலவும் நேரமும்

எஸ்எஸ்டி 1,650, அதை மாட்டும் சட்டம் 120, சாட்டா கேபிள் 80, ராம் 350, பேட்டரி 40. மொத்தம் 2,240 ரூபாய். மேட்டுப்பாளையம் வழியாகக் கோயம்புத்தூர் போய்வர ஒரு நாள், பஸ் செலவு தனி. யுபிஎஸ் பேட்டரி இரண்டு மூன்று வருடம் ஆனது என்றால் அதையும் சேர்த்தே மாற்றுங்கள். 12 வோல்ட், 7 ஏஹெச். எனக்கு 1,100 ஆனது. இல்லாவிட்டால் அடுத்த மின்தடையில் புது டிஸ்க்கும் அடிவாங்கும்.

படி 1-லிருந்து 6 வரை பெரும்பாலும் காசில்லாத வேலை. அதிலேயே உங்களுக்குத் திருப்தியாகி, டிஸ்க்கும் நீலம் காட்டினால் எஸ்எஸ்டி வாங்க வேண்டாம்.

9. இணையத்தை என்ன செய்வது

விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரி 14-ல் முடிந்துவிட்டது. குரோமில் 109-தான் அதற்கான கடைசிப் பதிப்பு. வேகம் திரும்பிவிட்டது என்பதற்காக இந்தக் கணினியில் பேங்க் வேலை பார்க்காதீர்கள். டைப்பிங், பிரிண்ட், ஸ்கேன் மட்டும் இதில். பணம் கட்டும் வேலைகளை நான் செல்போனில்தான் செய்கிறேன். வாடிக்கையாளர் தரும் பென் டிரைவை ஸ்கேன் செய்யாமல் திறக்காதீர்கள்.

10. ஒட்டி வைக்க வேண்டிய தாள்

கேபினட்டின் பக்கவாட்டில் ஒரு தாள் ஒட்டுங்கள். சிஆர் 2032 மாற்றிய தேதி, எஸ்எஸ்டி வாங்கிய தேதி, யுபிஎஸ் பேட்டரி மாற்றிய தேதி, அன்றைய நான்கு நேரங்கள். என் தாளில் 12, 25, 12, 20 விநாடி என்று இருக்கிறது. மாதம் ஒரு முறை மறுபடி குறியுங்கள். மொத்தம் இரண்டு நிமிடத்தைத் தாண்டினால், நான்கில் எது கூடியது என்று பார்த்து அந்தப் படியிலிருந்து தொடங்குங்கள். பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல், துணியில் சுற்றி ஈரம் படாத இடத்தில் வையுங்கள். ஏதாவது ஒரு ஃபைல் விடுபட்டது அதற்குள் தெரிந்துவிடும். எனக்குப் பன்னிரண்டாம் நாள் தெரிந்தது.